அடிக்கட்டையில் ஒரு வரி

பணம் கட்ட வருகிறவர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பேன். பெயரையும் எதற்கான பணம் என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அதன்மேல் பணத்தை வைத்து என் மேஜையில் தள்ள வேண்டும். அது எங்கள் வக்கீல் ஆபீசை ஆரம்பித்த பெரிய வக்கீல் போட்ட ஏற்பாடு. சீட்டில் இருப்பதை ரசீதில் எழுதுவேன், அடிக்கட்டையிலும் அதையே எழுதுவேன், கிழிப்பேன், முத்திரை குத்துவேன், நீட்டுவேன். ரசீது அவர்களோடு போகும், அடிக்கட்டை புத்தகத்தில் இருக்கும். முப்பத்தொரு வருஷமாக இதுதான் என் வேலை, கூடவே டைப் அடிப்பதும். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருவார்கள். நாற்பது முகத்தையும் பார்த்து நாற்பது கதையையும் கேட்டால் வீட்டுக்கு வந்து ஒரு வாய் இறங்குமா? அதனால் ஆரம்பத்திலேயே கண்ணைக் கீழே போட்டுப் பழகிக்கொண்டேன்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. பொய்யில்லை. என் கணவர் என்னை 'ஆபீசர்' என்றுதான் கூப்பிடுவார், அதுவும் நான் பக்கத்தில் இல்லாதபோது. அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஹாரன் அடித்ததில் அவருடைய கோபமெல்லாம் தீர்ந்துபோயிருக்க வேண்டும், மனிதர் அவ்வளவு சாது. வீட்டில் கோபப்படும் வேலை முழுக்க என் தலையில்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பேங்கில் கடன் வாங்கி வீட்டுக்கு மாடி எடுத்தோம். மாடி வாடகை கடனைக் கட்டும், கடன் முடிந்தால் வாடகை எங்கள் வயதான காலத்துக்கு. நான் போட்ட திட்டம்தான். குடிவந்தது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும். பிள்ளைகள் இல்லை. ஒன்றாம் தேதி காலையில் நான் டீ டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் வாடகை வந்துவிடும். சாயந்திரமானால் மெக்கானிக்கும் என் கணவரும் மாடிப்படியில் செஸ் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு பேருக்குமே ஆட வராது. அதனால் சண்டையில்லாமல் ஓடியது.

மெக்கானிக்கின் மனைவி ஒரு மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டி கட்டுகிறவள். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பேச்சுக்கு ஆள் கிடைத்தால் எனக்கு வாய் நிற்காது. ஆபீசில் கேட்டதையெல்லாம் வக்கீலே பேசுகிற மாதிரி எடுத்துவிடுவேன். ஒருநாள் சொன்னேன்: "வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடுத்த பிறகு, வாடகைன்னு சொல்லி ஒரு பைசா வாங்கினாலும் போச்சு. குடியிருக்க ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நோட்டீஸ் அதோட காலி. எத்தனை வீட்டுக்காரங்க இதுல விழுந்திருக்காங்க தெரியுமா? சரியான அசடுங்க." அவள் வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆறு வருஷம் அப்படிப் போனது. போன வருஷம் மெக்கானிக் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் ஏணியோடு விழுந்தார். வலது தோள்பட்டை நொறுங்கிவிட்டது. கம்பெனி முதல் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு, அவர் தங்கள் நேரடி ஆள் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது. மனைவியின் சம்பளம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் சரியாக இருந்தது. வாடகை நின்றது.

முதல் மாதம், "அதுக்கென்ன தம்பி, கை சரியாகட்டும்" என்றேன். மனசார சொன்னேன். இரண்டாம் மாதம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் படியில் பார்த்தால் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். கடன் தவணைக்கு என் சேமிப்பை எடுத்துக் கட்டினேன், அதுவும் தீர்ந்தது. என் கணவரிடம் கத்தினால், "பாவம், என்ன பண்ணுவான்?" என்பார். பாவம் பார்க்கிற வேலை அவருக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கிற வேலை எனக்கு.

ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் பேங்கிலிருந்து கடிதம் வந்தது. விட்டுப்போன தவணைகளை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும், தவறினால் வீடு ஏலத்துக்கு வரும். அந்த மாதிரிக் கடிதம் ஆயிரம் அடித்திருக்கிறேன். அது விளையாட்டுக்கு எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

அதே வாரம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்சுகள் இருவர், அக்காவும் தங்கையும், வீடு தேடி வந்தார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மாடி காலியாக இருந்தால் அன்றே ஆறு மாத அட்வான்ஸ் தருகிறோம் என்றார்கள். அந்தப் பணம் வந்தால் பேங்க்காரன் வாயை அடைக்கலாம். வராவிட்டால் மாடியும் இல்லை, கீழும் இல்லை. அறுபது வயதில் நானும் என் கணவரும் யாரோ ஒருவர் வீட்டுப் படியேறி வாடகைக்கு இடம் கேட்க வேண்டும்.

நோட்டீசை நானே டைப் அடித்தேன். ஒரு மாத அவகாசம். 'இது தொடர்பாக எதுவானாலும் இந்த அலுவலகத்தையே அணுகவும்' என்ற வரியையும் வழக்கம்போல் சேர்த்தேன். சின்ன வக்கீல் கையெழுத்துப் போட்டார். பெரிய வக்கீலின் மகன் அவர், ஐம்பது வயதாகிறது, இன்னும் சின்ன வக்கீல்தான். என் வீட்டு மாடிக்கு நானே இரண்டு தெரு நடந்துபோய் பதிவுத் தபால் போட்டேன். மறுநாள் தபால்காரர் என்னைத் தாண்டித்தான் மாடிக்கு ஏறினார். மெக்கானிக் இடது கையால் கையெழுத்துப் போடுவதைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து செஸ் பலகை எங்கள் பீரோவின் மேலே ஏறிவிட்டது. என் கணவர் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். உப்பு வேண்டும், சோப்பு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் படியில் என்னை நிறுத்தினார்.

"அக்கா, ஒரு வார்த்தை பேசணும்."

"வீட்டுல வேண்டாம் தம்பி. எதுவா இருந்தாலும் ஆபீசுக்கு வாங்க. லெட்டர்லயே எழுதியிருக்கு."

முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். அவருக்கு ஒரு வார்த்தை இடம் கொடுத்தால் நான் கரைந்துவிடுவேன் என்று பயம். எனக்கு என்னைத் தெரியும்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை ஆபீசில் கால் வைக்க இடமில்லை. ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து கட்டடக்காரர் மேல் போட்ட வழக்கு, அறுபது பேர் கட்டணம் கட்ட வந்திருந்தார்கள். நடுநடுவே வாடகைப் பணமும் வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் சில வீட்டுக்காரர்களுக்கு எங்கள் ஆபீஸ்தான் வாடகை வசூலிக்கிறது. நான் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சீட்டு வந்தது. கோணல்மாணலாக ஒரு பெயர், கீழே 'ஒரு மாத வாடகை'. மெக்கானிக்கின் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். அன்றைக்கு வரிசையிலேயே அந்தப் பெயரில் இரண்டு பேருக்கு எழுதிவிட்டேன். எண்ணினேன், எழுதினேன், கிழித்தேன், குத்தினேன், நீட்டினேன்.

வாங்கியது இடது கை.

"நன்றி அக்கா" என்று குரல் கேட்டது. தலையைத் தூக்கினேன். ஒரு தோள் இறங்கி ஒரு தோள் ஏறி, மெக்கானிக் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

பேனாவைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற ஆள் "எவ்வளவு நேரம்மா?" என்று கேட்டபோது அவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்வார், பாவம்.

மத்தியானம் சின்ன வக்கீலிடம் சொன்னேன். அவர் வெந்நீர் பிளாஸ்க்கைத் திறந்தவர் அப்படியே மூடினார்.

"வாடகைன்னா எழுதினீங்க? இல்ல பழைய பாக்கின்னா?"

"வாடகைன்னுதான். சீட்டுல அப்படித்தான் இருந்தது."

"நம்ம ஆபீஸ் முத்திரையோட?"

"முத்திரையில்லாம நான் என்னைக்கு ரசீது குடுத்தேன்?"

"அப்ப நோட்டீஸ் போச்சு அக்கா. புதுசா குடுத்து, மறுபடி ஒரு மாசம். அதுக்கப்புறமும் அவங்க அசையலன்னா கோர்ட்டுதான். ரசீதை அவங்களே திருப்பிக் குடுத்தா வேற விஷயம்."

மறுபடி ஒரு மாதம் என்றால் பத்தாம் தேதி தாண்டிவிடும். சரியான அசடு என்று நானே சொன்ன ஆள் நானேதான். ஆபீசின் பின்பக்கம் போய், யாரும் பார்க்காத இடத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

சாயந்திரம் மாடிக்கு ஏறினேன். பதினேழு படி. நான் கொத்தனாரிடம் சண்டை போட்டு உயரம் குறைக்கச் சொன்ன படிகள். அன்றைக்கு ஒவ்வொன்றும் முழங்கால் அளவு இருந்தது. கையில் பேங்க் கடிதம்.

அவள் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலோரம் கயிற்றை இழுத்துத் தோளுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஜன்னல் கம்பியில் கப்பி மாட்டி, அதில் கயிறு போட்டு, அவரே செய்துகொண்ட ஏற்பாடு.

நான் வாயைத் திறப்பதற்கு முன் அவள் கேட்டாள். "ரசீதைத் திருப்பிக் கேக்கத்தானே வந்தீங்க அக்கா?"

கடிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"நீங்கதானே சொன்னீங்க, மாடியில துணி காயப்போடறப்ப. ஒரு பைசா வாங்கினாலும் போச்சுன்னு. இவர் வந்து ரசீதைக் காட்டினதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது."

"சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா" என்றார் மெக்கானிக், கயிற்றை விடாமல். "போறதுக்கு முன்னாடி ஒரு மாசமாவது கட்டிட்டா உங்க மனசு ஆறும்னு நினைச்சேன். ஆபீசுக்கு வரச் சொன்னீங்க, வந்தேன்."

"பணம் எங்கேருந்து வந்தது?"

அவள்தான் மூலையைக் காட்டினாள். அங்கே எப்போதும் இருக்கும் இரும்புக் கருவிப்பெட்டி இல்லை. தரையில் நாலு மூலையும் துருக்கறை படிந்த ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

பேங்க் கடிதத்தை அவளிடம் நீட்டினேன். படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். அவள் மெதுவாகப் படித்தாள். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து என் நோட்டீசை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குறிப்பிட்ட தேதிக்குள், தவறும் பட்சத்தில், மேற்கொண்டு தகவல் இன்றி... இதையும் நீங்கதான் டைப் அடிச்சீங்களா அக்கா?"

அவளை அறைய வேண்டும் போல வந்தது. அடுத்த நொடி சிரிப்பு வந்துவிட்டது. மெக்கானிக்கும் சிரித்தார், சிரித்ததில் தோள் வலித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு கயிற்றை விட்டார். மூன்று பேரும் சிரித்து முடித்த பிறகு அவள் பேங்க் கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினாள்.

"ரெண்டு மாசம் அக்கா" என்றாள் அவள். "ரெண்டு மாசத்துல கையைத் தூக்கலாம்னு டாக்டர் சொல்றார். தூக்கினா வேலைக்குப் போவார். இந்த ரசீது இருந்தா எங்களுக்கு அந்த ரெண்டு மாசம் கிடைக்கும்."

"எனக்குப் பத்தாம் தேதி வரைக்கும்தான்மா."

"தெரியுது. ஆனா குடுக்க மாட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். அப்புறம் படியிறங்கும்போது, அவள் இடத்தில் நான் இருந்தால் ரசீதை லாமினேஷன் செய்து சுவரில் மாட்டியிருப்பேன் என்று தோன்றியது. அது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

கீழே என் கணவர் காத்துக்கொண்டிருந்தார். "குடுத்தாங்களா?"

"இல்ல."

"நல்லது."

"என்ன நல்லது? நாளைக்கு நடுத்தெருவுல நின்னா நல்லதா?"

"அவங்க குடுக்காதது நல்லதுன்னு சொல்லல. நீ கேட்டு வாங்கிட்டு வந்திருந்தா உன்னாலயே அப்புறம் தாங்க முடியாது. அதைச் சொன்னேன்." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். நோட்டீஸ் போனதிலிருந்து அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மறுநாள் சின்ன வக்கீல் என்னைக் கூப்பிட்டார். ரசீதுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். அந்த அடிக்கட்டையைப் புரட்டிப் பார்த்தார். பெயர், தொகை, 'ஒரு மாத வாடகை', அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது.

"இந்த இடத்துல 'நோட்டீசுக்குப் பாதகமின்றி, பழைய பாக்கிக்காக' அப்படின்னு ஒரு வரி இருந்திருந்தா நோட்டீஸ் அப்படியே நின்னிருக்கும், பிரச்சினையே இல்ல" என்றார்.

"இல்லையே."

"இடம் இருக்கு."

அவர் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ரெண்டிலயும் எழுதறதுதான் வழக்கம். அன்னைக்குக் கூட்டம். அடிக்கட்டையில எழுதினது ரசீதுல விட்டுப்போச்சுன்னா யார் நம்ப மாட்டா? முப்பத்தொரு வருஷம் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத புத்தகம். எங்கப்பாவே சொல்வார், அவங்க கை எழுதினா அதுதான் சாட்சின்னு. கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டியதில்ல அக்கா. அந்த ஆளை இங்க வரச் சொல்லி புத்தகத்தைத் திறந்து காட்டுங்க. தன் காகிதம் செல்லாதுன்னு நினைச்சு போயிடுவார்."

அவர் கெட்டவர் இல்லை. என் வீடு போகக்கூடாது என்று அவருக்கு உண்மையிலேயே இருந்தது. அதுதான் கஷ்டம். ஒரு கெட்ட ஆள் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன்.

புத்தகத்தை என் மேஜைக்கு எடுத்து வந்தேன். காலையிலிருந்து மத்தியான டீ ஆறும்வரை திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தாம் தேதியை நினைத்தேன். என் கணவர் முதுகுவலியோடு வேறு யாரோ வீட்டு மாடிப்படியில் பீரோவைத் தூக்குவதை நினைத்தேன். அன்றைக்கு எழுதிய அதே பேனா டிராயரில் இருந்தது. எடுத்தேன். எழுதினேன். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றுவரை எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுத்து மேலே உள்ள எழுத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது.

மெக்கானிக்குக்கு என் கணவர் மூலம் சொல்லியனுப்பினேன், இருபத்தொன்பதாம் தேதி பதினோரு மணிக்கு ஆபீசுக்கு வரவும், ஒரு புத்தகம் காட்ட வேண்டும் என்று. என் கணவர் என்ன புத்தகம் என்று கேட்டார். ஆபீஸ் புத்தகம் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி பதினோரு மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. அவர் வரவில்லை. ஒரு மணிக்கு என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வரச்சொன்னால் வர முடியாதா, அவ்வளவு திமிரா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே புத்தகத்தைத் தோள்பையில் திணித்துக்கொண்டு அரை நாள் லீவு போட்டுவிட்டு நடந்தேன். மாடிக்கே போய், அவள் கண்ணுக்கு நேராகத் திறந்து காட்டிவிடுவது என்று முடிவு. என்னென்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. கட்டில், ஸ்டவ், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, துணி மூட்டைகள் எல்லாம் ஏற்கெனவே ஏறியிருந்தன. என் கணவர் மெத்தையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக் இடது கையால் முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க அக்கா, பதினோரு மணிக்கு வர முடியல" என்றார். "லாரி இன்னைக்கு காலியா கிடைச்சது. ஏதோ புத்தகம் காட்டணும்னு சொன்னீங்களாம்."

பை என் தோளை அறுத்தது. "ஒண்ணுமில்ல தம்பி" என்றேன்.

அவள் மாடியிலிருந்து துடைப்பத்தோடு இறங்கி வந்தாள். தரை முழுக்கக் கழுவிவிட்டிருந்தாள் போல, புடவைத் தலைப்பு நனைந்திருந்தது. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். சாவியோடு நாலாக மடித்த ஒரு காகிதமும் இருந்தது.

"எங்க அண்ணன் வீட்டுல ஒரு ரூம் குடுத்திருக்காங்க. அண்ணிக்கு அவ்வளவா இஷ்டமில்ல. இருந்தாலும் ரெண்டு மாசம் தள்ளிடலாம்." காகிதத்தைக் காட்டினாள். "பிரிச்சுப் பாருங்க. உங்க ரசீதுதான். சரியா இருக்கான்னு பாத்துக்குங்க, அப்புறம் இல்லன்னு சொல்லாதீங்க."

பிரித்தேன். என் கையெழுத்து, என் முத்திரை. 'ஒரு மாத வாடகை'. அதற்குக் கீழே காலியாக இருந்தது.

"ஏம்மா?" என்று கேட்டேன்.

"பேங்க் லெட்டர் படிச்சதுலேருந்து தூக்கம் வரல அக்கா. அந்த மாதிரி ஒரு காகிதம் கைக்கு வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க அனுப்பினதை நானும்தானே வாங்கினேன்." நனைந்த தலைப்பைப் பிழிந்தாள். "எங்களுக்குப் போக ஒரு அண்ணன் வீடாவது இருக்கு. உங்களுக்கு யார் இருக்கா?"

யாருமில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஏழு வருஷம் துணி காயப்போட்டிருக்கிறோம்.

இருங்கள், போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. வாய்வரை வந்தது. பத்தாம் தேதி அதை விழுங்கவைத்தது. அந்த ஒரு மாத வாடகையை எடுத்து அவர் சட்டைப் பையில் வைக்கப் போனேன், ஆபீசிலிருந்து நான் பெற்றுக்கொண்டு உறை பிரிக்காமல் வைத்திருந்தது. அதையாவது வாங்கிக்கொண்டு கருவிப்பெட்டியை மீட்கட்டும் என்று. மெக்கானிக் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"அது வாடகை அக்கா. குடியிருந்தோம்ல."

லாரி கிளம்பியது. முன்னால் டிரைவர் பக்கத்தில் அவள், பின்னால் மெத்தைமேல் அவர். என் கணவர் திடீரென்று உள்ளே ஓடினார். பீரோமேல் இருந்த செஸ் பலகையை எடுத்துக்கொண்டு, காய்கள் டப்பாவுக்குள் கடகடவென்று ஆட, தெருமுனைவரை ஓடிப்போய் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு என் தோள்பையைப் பார்த்தார்.

"அது என்ன புத்தகம்?"

திறந்து காட்டினேன். அவருக்கு என் கையெழுத்து நன்றாகத் தெரியும். ரசீதைப் பார்த்தார், அடிக்கட்டையைப் பார்த்தார். அவர் கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். கத்தினால் தேவலை என்று இருந்தது.

"அவங்க இதைப் பார்க்கலையே?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல."

"சரி" என்றார். வாசலில் லாரி உதிர்த்துவிட்டுப் போன வைக்கோலைப் பெருக்க ஆரம்பித்தார்.

ஒன்றாம் தேதி நர்சுகள் வந்தார்கள். அட்வான்ஸ் தந்தார்கள். இரண்டாம் தேதி பேங்கில் கட்டினேன். வீடு எங்களுடையதாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் இரண்டு பஸ் மாறி எங்கேயோ போய்விட்டுச் சாயந்திரம் வருகிறார். எங்கே என்று நான் கேட்பதில்லை. போன வாரம் கிளம்பும்போது அந்த உறையை அவர் பையில் வைத்தேன். சாயந்திரம் பை காலியாக வந்தது. "பெட்டி இன்னும் அந்த அடகுக் கடையிலதான் இருந்தது. மீட்டாச்சு" என்றார். "யார் பணம்னு கேட்டான். என் பணம்னு பொய் சொன்னேன்." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கையைத் தலைக்குமேல தூக்கறான்" என்றார்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. லாரி போன மறுநாளே ஆபீசுக்குப் போய் முதல் வேலையாகப் பசை பாட்டிலை எடுத்தேன். அவள் திருப்பிக் கொடுத்த ரசீதை அதன் அடிக்கட்டைக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். இரண்டும் ஒரே கை, ஒரே பேனா. ஒன்றில் ஒரு வரி அதிகம். யார் புரட்டினாலும் தெரியும்.

சின்ன வக்கீல் பார்த்தார். பிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

"அவங்கதான் காலி பண்ணிட்டாங்களே, இதை ஏன் ஒட்டறீங்க? கிழிச்சுப் போட்டுட்டா முடிஞ்சது."

"இருக்கட்டும் சார்."

"நாளைக்கு யாராவது பார்த்தா உங்க பேர்தான் கெடும்."

"கெடட்டும் சார். என் கை எழுதினா அதுதான் சாட்சின்னு அப்பா சொன்னாராமே."

அவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பசை காயும்வரை புத்தகத்தை விரித்தே வைத்திருந்தேன். மேஜைமேல் வாடகை என்று எழுதிய ஒரு சீட்டும் அதன்மேல் பணமும் வந்தன. பேனாவை எடுத்தேன், எழுதவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். நடுத்தர வயது ஆள், இரண்டு நாள் தாடி. நான் பார்த்ததும் ஏதாவது தப்பா என்று பயந்துவிட்டார்.

"ஒண்ணும் தப்பில்ல" என்றேன். "உட்காருங்க. எந்த வீட்டு வாடகை, நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கா? சொல்லுங்க, அப்புறம் எழுதறேன்."